முருங்கை இலைச் சாறு உப்பில் வாடும் நாற்றைக் காப்பாற்றுமா? பால்கனித் தோட்டம் போடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நீங்கள் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பால்கனியில் ஆறு தொட்டி மிளகாய். தினமும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மறக்காமல் பாஜாவும் போடுகிறீர்கள். ஆனால் நாற்று நாலு இலையோடு நின்றுவிட்டது. இலை நுனி தீய்ந்த மாதிரி பழுப்பாகிறது. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது, செடியோ தண்ணீரே காணாதது போலத் தொங்குகிறது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக் கேட்டால் உடனே பதில் வரும்: "முருங்கை இலையை அரைச்சு ஊத்துங்க, எல்லாம் சரியாயிடும்."

இது வெறும் பாட்டி வைத்தியமா, இல்லை இதில் உண்மை இருக்கிறதா? உண்மை இருக்கிறது. முருங்கை இலைச் சாறு நாற்றுக்கு உப்பைத் தாங்கும் பலத்தைக் கொடுக்கிறது என்று ஆய்வுகளே வந்திருக்கின்றன. ஆனால் அந்தச் சாறு மண்ணில் இருக்கும் உப்பை ஒரு துளிகூட வெளியே எடுக்காது. இந்த வித்தியாசம் புரியாமல் ஊற்றினால் சாறும் வீண், நாற்றும் வீண்.

வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தொட்டியில் உப்பு எங்கிருந்து வந்தது?

'நான் உப்பே போடலையே' என்று நீங்கள் சொல்லலாம். சமையல் உப்பு மட்டும்தான் உப்பு என்று நாம் நினைப்பதால் வரும் குழப்பம் இது. கடையில் வாங்கும் நீல நிற, பச்சை நிற என்பிகே குருணைகளும் வேதியியல்படி உப்புகள்தான். கோழி எரு, அதிலும் சரியாக மக்காத எரு, உப்பு நிறைந்தது. கருவாடு கழுவிய தண்ணீர், மிச்சமான குழம்பு, ஊறுகாய் ஜாடி அலசிய நீர் ஆகியவற்றை 'செடிக்கு நல்லது' என்று ஊற்றும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவற்றில் இருப்பது அசல் சோடியம் உப்பு.

செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் ஆவியாகிறது. மிச்ச உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. மாதக்கணக்கில் அது சேர்ந்து, ஓரத்தில் வெள்ளைப் படிவமாகத் தெரிகிறது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வெட்டவெளித் தோட்டத்தில் இந்த மழையே உப்பைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். ஆனால் மேலே இன்னொரு வீட்டின் தளம் கூரையாக இருக்கும் பால்கனிக்குள் அந்த மழை வருவதில்லை. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் உங்கள் தொட்டி மட்டும் பாலைவனத்து மண் மாதிரி உப்பைச் சேர்த்துக்கொண்டே இருக்கும்.

கிள்ளான் கடலோரத்தில் கதை வேறு

கிள்ளான், போர்ட் கிள்ளான், பந்திங் பக்கம் இருப்பவர்களுக்கு உப்பு வேறு வழியிலும் வரலாம். போர்ட் கிள்ளானில் கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் அது சுமார் 5 மீட்டரைத் தொடும். கேரி தீவின் செம்பனைத் தோட்டங்களில் பல இடங்கள் உயர் கடல் மட்டத்தைவிடத் தாழ்வானவை. அவற்றைக் காப்பது கரையோர மண் அணைகளும் மதகுகளும்தான். அணை உடைந்தாலோ, நீர் வழிந்தாலோ, கடல் நீர் நேராக மண்ணுக்குள் இறங்கிவிடும்.

கடல் நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. காய்கறி நாற்று தாங்கும் அளவோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது. கடல் நீரில் மூழ்கிய நாற்றை எந்த இலைச் சாறும் மீட்காது. ஆக, இந்தக் கட்டுரையில் பேசுவது மிதமான உப்பைப் பற்றி. அதாவது நாற்று சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை என்ற நிலை.

உப்பு நாற்றை என்ன செய்கிறது?

மாங்காயை வெட்டி உப்புத் தூவி வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விடும், பார்த்திருப்பீர்கள். வெளியே இருக்கும் உப்பு உள்ளே இருக்கும் நீரை இழுக்கிறது. வேரிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. மண்ணில் உப்பு கூடினால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் தவிக்கும். இது முதல் அடி.

இரண்டாவது அடி மெதுவாக விழும். சோடியமும் குளோரைடும் வேர் வழியாக ஏறி இலையில் சேர்கின்றன. செடிக்குத் தேவையான பொட்டாசியம் இருக்க வேண்டிய இடத்தை சோடியம் பிடித்துக்கொள்கிறது. பச்சையம் குறைகிறது. முதலில் பழைய இலைகளின் நுனியும் ஓரமும் கருகும்.

மூன்றாவதாக, இந்த நெருக்கடியில் செல்களுக்குள் 'தீவிர ஆக்சிஜன்' மூலக்கூறுகள் பெருகுகின்றன. இரும்பைத் துரு அரிப்பது போல அவை செல்லின் சவ்வுகளை உள்ளிருந்தே சேதப்படுத்துகின்றன.

வளர்ந்த செடிக்கு ஆழமான வேரும் சேமிப்பும் இருக்கும், ஓரளவு சமாளித்துக்கொள்ளும். நாற்றுக்கு இரண்டுமே இல்லை. முளைத்த முதல் சில வாரங்கள்தான் அதற்கு ஆபத்தான காலம்.

எல்லாக் காய்கறியும் ஒரே மாதிரி இல்லை. மண்ணின் உப்பை மின்கடத்துத் திறன் மூலம் அளக்கிறார்கள். சுருக்கமாக இசி. அளவு 4ஐத் தாண்டினால் அதை உவர் மண் என்பது பொதுவான வரையறை. ஆனால் பல காய்கறிகளுக்கு அதற்கு முன்பே பாதிப்பு தொடங்கிவிடும். உலக அளவில் பயன்படுத்தப்படும் அட்டவணைகள் இப்படிச் சொல்கின்றன:

- பீன்ஸ்: 1.0ஐத் தாண்டியதும் பாதிப்பு. அதன்பின் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 19 விழுக்காடு குறையும்.
- மிளகாய்: 1.5ஐத் தாண்டியதும் பாதிப்பு. ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 14 விழுக்காடு.
- தக்காளி: 2.5 வரை தாங்கும். அதன்பின் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 10 விழுக்காடு.

நம் வீட்டில் ஆசையாக வளர்க்கும் மிளகாயும் பீன்ஸும் உப்புக்குச் சீக்கிரம் மடங்குபவை என்பது இதில் தெரிகிறது.

தாவரச் சாறு இதில் எங்கே வருகிறது?

முருங்கைச் சாறு போன்றவை உரமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை. இவற்றை 'பயோஸ்டிமுலண்ட்' என்கிறார்கள். தமிழில் உயிரூக்கி எனலாம். செடிக்குச் சாப்பாடு போடுவதற்குப் பதில், செடி தானே செய்யும் வேலையைச் சுறுசுறுப்பாக்குவதுதான் இவற்றின் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2019ல் கொண்டுவந்த உரப் பொருள் சட்டத்தில் இவற்றுக்குத் தனி வகையே கொடுத்தது. வறட்சி, உப்பு, வெப்பம் மாதிரியான நெருக்கடிகளைத் தாங்க உதவுவது அந்த வரையறையிலேயே இருக்கிறது.

முருங்கை இலையில் என்ன விசேஷம்? அதில் 'ஸியாட்டின்' என்ற வளர்ச்சி ஹார்மோன் இருக்கிறது. செல்கள் பிரிந்து பெருகவும், இலை சீக்கிரம் பழுக்காமல் பச்சையாக இருக்கவும் தூண்டும் பொருள் இது. கூடவே வைட்டமின் சி, ஃபீனாலிக் சேர்மங்கள், பொட்டாசியம், கால்சியம் ஆகியவையும் உண்டு. மேலே சொன்ன 'துருவை' அடக்குவதில் வைட்டமின் சியும் ஃபீனாலிக் சேர்மங்களும் உதவுகின்றன. சோடியத்தோடு போட்டி போடுவது பொட்டாசியம்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

முருங்கைச் சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் முறையைப் பரவலாக அறியச் செய்தது தமிழ்நாடு அல்ல, மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா. அங்கே வேலை செய்த நிகோலாஸ் ஃபாய்டலும் ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் 2001ல் வெளியிட்ட கட்டுரையில், இளம் முருங்கைத் தளிரைப் பிழிந்து, ஒரு பங்குச் சாற்றுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தெளித்ததை விவரித்தார்கள். பல பயிர்களில் விளைச்சல் கூடியதாகவும் சொன்னார்கள். பிறகு வந்த பல ஆய்வுகள் இதை ஒட்டியே 30 மடங்கு நீர்த்த சாற்றைப் பயன்படுத்தின.

நம் கேள்விக்கு நேரடியான பதில் எகிப்திலிருந்து வந்தது. ஃபாயூம் பல்கலைக்கழகத்தின் முஸ்தஃபா ராடியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013ல் வெளியிட்ட ஆய்வில், பீன்ஸ் விதைகளை முருங்கை இலைச் சாற்றில் ஊறவைத்து, பிறகு உப்பு நெருக்கடியில் வளர்த்தார்கள். ஊறவைக்காத விதைகளின் நாற்றுகளைவிட இவை நன்றாக வளர்ந்தன. பச்சையம் கூடுதலாக இருந்தது. இலையில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தது. உப்புக்கு மிகவும் பலவீனமான பயிர்களில் ஒன்று பீன்ஸ் என்பதை நினைவில் வைத்தால், இது சின்ன விஷயமல்ல.

அதே ஆண்டு பாகிஸ்தானின் ஃபைசலாபாத் ஆய்வாளர்கள் உவர் நிலையில் வளர்ந்த கோதுமைக்கு 30 மடங்கு நீர்த்த சாற்றைத் தெளித்துப் பார்த்தார்கள். செடியின் எதிர்ப்பு நொதிகள் வலுவடைந்ததைக் கண்டார்கள்.

ஆனால் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் சாறு பெற்ற செடியை, *உப்பில் இருந்தும் சாறு பெறாத* செடியோடு ஒப்பிட்டு 'நன்றாக வளர்ந்தது' என்கிறார்கள். உப்பே இல்லாத மண்ணில் வளர்ந்த செடியைப் போல ஆகிவிடும் என்று யாரும் உறுதி கொடுக்கவில்லை. சாறு நஷ்டத்தைக் குறைக்கிறது, அழிப்பதில்லை.

கடற்பாசிச் சாறு?

முருங்கை கிடைக்காதவர்கள் கடையில் 'சீவீட் எக்ஸ்ட்ராக்ட்' என்ற பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். வட அட்லாண்டிக் குளிர் கடலோரத்தில் வளரும் பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது அதில் ஒரு வகை. உப்பு, வறட்சி இரண்டுக்கும் இது நிறையவே ஆராயப்பட்டிருக்கிறது.

இன்னொரு வகைக்கும் நமக்கும் நெருக்கம் அதிகம். சபாவின் செம்பூர்ணா கடலில் வளர்க்கப்படும் கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசிதான் தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்துப் பாக் நீரிணையிலும் வளர்க்கப்படுகிறது. அதை வளர்ப்பதில் மீனவப் பெண்களின் பங்கு பெரிது. புதுப் பாசியைப் பிழிந்து திரவ உயிரூக்கி எடுக்கும் முறையை இந்தியாவின் மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. உப்பை ஆராயும் நிறுவனமே உப்பைத் தாங்க உதவும் சாற்றையும் கொடுத்தது நல்ல பொருத்தம்தான்.

ஓர் எச்சரிக்கை: மோரிப் கடற்கரையில் ஒதுங்கிய பாசியை அள்ளிவந்து அரைத்து ஊற்றிவிடாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் கடல் உப்பு உங்கள் தொட்டிக்கு இன்னொரு சுமை.

முதல் வேலை: தொட்டியை அலசுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தின் வயல்களில் கடல் நீர் ஏறியது. 'இனி இந்த மண்ணில் எதுவும் விளையாது' என்று பயந்தவர்கள் பலர். அந்த மண்ணை மீட்டது எது? வடிகால் வெட்டி மழை நீரைத் தேக்கி வெளியேற்றியதும், ஜிப்சம் போட்டதும், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுததும், அடுத்து வந்த பருவமழையும்தான். உப்பு மண்ணைவிட்டு வெளியே போக ஒரே வழி, நல்ல தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போவது.

உங்கள் தொட்டிக்கும் அதே விதிதான். பால்கனிக்குள் மழை வராது என்பதால் மழையை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

1. ஓரத்தில் இருக்கும் வெள்ளைப் படிவத்தையும் மேல் மண்ணில் ஒரு விரல் கனத்தையும் சுரண்டி எடுங்கள்.
2. தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோங்கள். பால்கனியில் செய்தால் கீழ்வீட்டுத் துணி நனையும், சண்டை வரும்.
3. தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர். சிறு நாற்று என்றால் பூவாளி போதும்.
4. நீர் முழுக்க வடியட்டும். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். அதை மறுபடி தொட்டியில் ஊற்றினால் வெளியே போன உப்பைத் திருப்பி அழைத்துவந்த மாதிரி.
5. ஒரு வாரத்துக்கு எந்த உரமும் வேண்டாம். பிறகு வழக்கமான அளவில் பாதி.

கையடக்க இசி மீட்டர் இணையக் கடைகளில் கிடைக்கிறது. வடியும் நீரை முதலிலும் கடைசியிலும் அளந்து பாருங்கள். எண் இறங்கினால் அலசல் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆய்வுக்கூடத்தில் மண்ணை அளக்கும் முறை வேறு. அதனால் மேலே சொன்ன அட்டவணை எண்களோடு இதை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

சரி, சாறு தயாரிப்பது எப்படி?

கிள்ளானில் எத்தனையோ வீடுகளின் வேலியோரம் முருங்கை நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸில் என்றால் காய்கறிக் கடையில் ஒரு கட்டு வாங்கினால் சமையலுக்கும் ஆச்சு, செடிக்கும் ஆச்சு.

- இளந்தளிராக இரண்டு கைப்பிடி எடுங்கள். முற்றிய, மஞ்சளான இலை வேண்டாம்.
- பிளெண்டரில் மிகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, மெல்லிய துணியில் பிழியுங்கள். உப்பு சேர்க்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
- 10 மில்லி சாற்றுக்கு 300 மில்லி தண்ணீர். அதாவது 30 மடங்கு. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஹார்மோன் விஷயத்தில் அளவு மீறினால் வளர்ச்சி தடைப்படவும் செய்யும்.
- அன்று எடுத்ததை அன்றே பயன்படுத்துங்கள். வைத்தால் புளித்து நாறும். மிச்சத்தை ஐஸ் தட்டில் உறையவைக்கலாம்.

விதைக்கும் முன் என்றால், நீர்த்த சாற்றில் விதையைச் சுமார் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள். பீன்ஸை விடிய விடிய ஊறவிட்டால் மூச்சுத் திணறி அழுகிவிடலாம்.

முளைத்த நாற்றுக்கு, சுமார் 10 நாள் ஆனதும் காலை வேளையில் இலையின் இருபுறமும் நனையும்படி தெளியுங்கள். 10 நாள் இடைவெளியில் இரண்டு, மூன்று முறை போதும். மண்ணில் ஊற்றுவதைவிட இலையில் தெளிப்பது நல்லது. ஈரமான சின்னத் தொட்டியில் ஊற்றினால் பூஞ்சையும் கொசு மாதிரிச் சிறு ஈக்களும் வரும்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். அலசி, உரத்தை நிறுத்தி, சாறும் தெளித்து, செடி பிழைத்தால் புகழ் முழுவதும் முருங்கைக்குப் போய்விடுகிறது. உண்மையில் காப்பாற்றியது பத்து லிட்டர் குழாய்த் தண்ணீராகவும் இருக்கலாம்.

எளிய வழி ஒன்று உண்டு. ஒரே விதை, ஒரே மண், ஒரே வெளிச்சத்தில் பத்து நாற்று வையுங்கள். ஐந்துக்குச் சாறு. மீதி ஐந்துக்கு அதே நேரத்தில், அதே அளவு வெறும் தண்ணீர். பானையில் பேனாவால் குறித்துவிடுங்கள். நான்கு வாரம் கழித்து உயரத்தையும் இலை எண்ணிக்கையையும் எழுதிப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடையாது. வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள். தெரியாவிட்டால் அந்த முருங்கைக்கீரையைச் சாம்பாரில் போடுங்கள், நஷ்டமில்லை.

சாற்றில் தீராத பிரச்சினைகளும் உண்டு. தண்டின் அடி கறுத்து நாற்று சாய்ந்தால் அது உப்பு இல்லை, பூஞ்சை. புது இலை சுருண்டு கீழே சிறு பூச்சிகள் தெரிந்தால் அதற்கு வைத்தியம் வேறு. கடலோரத் தோட்டத்தில் ஒரு பாத்தி முழுக்க வாடினால் வீட்டு வைத்தியத்தில் நாளை ஓட்டாமல் மாவட்ட விவசாய அலுவலகத்தில் மண் பரிசோதனை பற்றி விசாரியுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறோம்?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நம்மில் பலர் முதல் முறையாகத் தொட்டியில் விதை போட்டோம். 2021 நவம்பரில் காய்கறி விலை எகிறியபோது இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். அந்தத் தொட்டிகளில் எத்தனை இன்றும் பச்சையாக இருக்கின்றன? 'எனக்குக் கை ராசி இல்லை' என்று விட்டவர்கள் நிறைய. பல வீடுகளில் குறை கையில் இருந்திருக்காது. கூடுதல் அன்போடு போட்ட கூடுதல் பாஜாவில் இருந்திருக்கும்.

அடுத்த முறை நாற்று வாடினால் முருங்கை இலையைத் தேடுவதற்கு முன் தொட்டியின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் முதலில் தண்ணீர், அப்புறம் முருங்கை. வரிசை மாறக் கூடாது.